அக்குளில் ஒரு சதுரத் துண்டு

நோன்பு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, கோலசிலாங்கூர் வட்டாரத்து இரவுச் சந்தைகளில் துணிக்கடைகள் முன்வரிசைக்கு வந்துவிடும். வழக்கமாக அங்கே கெரோப்போக் பொரித்துக்கொண்டிருப்பவர் இரண்டு கூடாரம் தள்ளிப் போய்விடுவார். பிளாஸ்டிக் பொம்மைகளின் மேல் பாஜு கூரோங் ஏறியிருக்கும். தலையில்லாத பொம்மைக்கும் தூடோங் கட்ட ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். வாங்க வரும் மலாய்ப் பெண்கள் முதலில் கேட்பது விலையையோ அளவையோ அல்ல. இந்த வருஷம் எல்லாரும் என்ன நிறம் போடுகிறார்கள் என்பதைத்தான்.

தாத்தா முதல் தொட்டில் குழந்தை வரை குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்துவதற்கு மலாயில் 'செடொண்டொன்' என்று ஒரு சொல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு சேஜ் பச்சை வந்தது. சாம்பல் கலந்த, வாடிய கீரை மாதிரியான பச்சை. அந்த ராயா முதல் நாள் மாலை புக்கிட் மெலாவத்தி மேலே ஏறிப் பார்த்தபோது, பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களில் பாதி அந்தப் பச்சையில்தான் இருந்தன. குன்றில் சொந்த நிறத்தில் இருந்தவை குரங்குகள் மட்டும்தான் என்று என் தம்பி சொன்னான்.

இந்தப் பருவத்தில் வரும் நாளிதழ் இணைப்புகளையும் விளம்பரங்களையும் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'பாரம்பரிய உடை' என்பதும் 'இவ்வாண்டின் புதுப்போக்கு' என்பதும் ஒரே வாக்கியத்தில் வரும். ஒன்றையொன்று முட்டுகிற சொற்கள் என்று யாருக்கும் உறுத்துவதில்லை. நமக்கு அது உறுத்த வேண்டியதும் இல்லை, நமக்குத்தான் வேறு சண்டை இருக்கிறதே. கூரோங் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்த தமிழ்ப் பெண்ணின் படத்தைப் பகிர்ந்து 'பண்பாடு போச்சு' என்று ஒரு சண்டை. சேலைத் துணியை வெட்டி கூரோங் தைத்துக்கொண்ட மலாய்ப் பெண்ணின் படத்தைப் போட்டு 'நம்ம சேலையையும் எடுத்துக்கிட்டாங்க' என்று இன்னொரு சண்டை. இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: போட்டிருப்பது யார்? எப்படித் தைத்திருக்கிறது, தைத்தது யார் என்று கேட்டு ஒரு வரி நான் படித்ததில்லை.

உடையைப் பற்றிய நம் விமர்சனம் துணிக்கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது. தையல் மெஷின் வரைக்கும் போவதில்லை. போயிருந்தால் இனம், பண்பாடு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடுகள் வேறு இடங்களில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அங்கிருந்து பார்க்க மட்டும்தான் தெரியும். அம்மா தையற்காரி.

புக்கிட் ரோத்தானுக்கு அருகில் ஒரு தோட்டம். காலையில் அம்மா செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போவார். மதியத்துக்கு மேல் காலால் மிதிக்கும் சிங்கர் மெஷின். ரவிக்கை தைக்கப் பாட்டியிடம் கற்றுக்கொண்டார். கூரோங் தைக்கக் கற்றுக்கொடுத்தது தோட்டத்து ஆபீசில் வேலை செய்த மலாய்க் கிராணியின் மனைவி. அந்த மக்சிக் காகிதத்தில் எதுவும் வரைந்து காட்டவில்லை. தன்னுடைய பழைய கூரோங் ஒன்றைக் கொடுத்து, தையலைப் பிரித்துப் போடு, பிறகு நீயே சேர்த்துத் தை என்று சொல்லியிருக்கிறார். ஒரு பிரதியை வாசிக்க அதைவிட நல்ல வழியை எந்த விமர்சகரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிரித்துப் போட்டால் தெரிவது இது. கூரோங்கின் மரபான வெட்டு மிகச் சிக்கனமானது. தோளில் தையல் கிடையாது. துணியை மடித்தால் முன்னும் பின்னும் ஒரே துண்டு, மடிப்பின் நடுவில் கழுத்துக்கு வட்டம், அதிலிருந்து கீழே சின்னப் பிளவு. கைகள் இரண்டும் நேராக வெட்டிய துண்டுகள். உடம்பின் இரு பக்கமும் மேலே ஒடுங்கிக் கீழே விரியும் நீளத் துண்டுக்குப் பெயர் பெசாக். கையும் உடம்பும் பெசாக்கும் சந்திக்கும் இடத்தில், அக்குளில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத் துண்டைச் சாய்த்து வைத்துத் தைக்க வேண்டும். அதற்குப் பெயர் கெக்கெக். மொத்த உடையிலும் தைக்கச் சிரமமான இடம் அதுதான். நான்கு தையல்கள் நான்கு மூலையில் வந்து முட்டும், ஒன்று நகர்ந்தாலும் துணி சுருங்கிக்கொள்ளும். வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

கெக்கெக் எதற்கு என்றால், கையைத் தூக்கும்போது சட்டை கூடவே ஏறாமல் இருக்க. பரணில் இருந்து சட்டியை இறக்கலாம், கொடியில் துணி காயப் போடலாம், தொழுகையில் குனிந்து நிமிரலாம், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கலாம். தைத்து முடித்த கூரோங்கை ஆளுக்குப் போட்டுப் பார்க்கும்போது அம்மா கண்ணாடி காட்ட மாட்டார். "அங்காட் தாஙான்" என்பார். கையைத் தூக்கு. கீழ்விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தால் சரி. இல்லையென்றால் பிரிக்க வேண்டியதுதான்.

'கூரோங்' என்ற சொல்லுக்கு அடைப்பது, மூடி வைப்பது என்று பொருள். சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு, பெண்ணை அடைக்கும் உடை என்று எழுதுகிற கவிதைகளை நம் பக்கத்திலும் மலாய்ப் பக்கத்திலும் பார்க்கலாம். அகராதியைப் பார்த்து எழுதிய கவிதைகள். வெட்டைப் பார்த்தால் கதை தலைகீழ். அடைப்பு என்று பெயர் வைத்த உடையில் உடம்புக்கு அவ்வளவு இடம் இருக்கிறது. 'கூரோங் மோடேன்' என்று பெயர் வைத்த உடையில்தான் பெசாக் போய், கெக்கெக் போய், இடுப்பில் பிடிப்புத் தையல் வந்து, முதுகில் ஜிப் வந்து, அதை இழுத்துவிட இன்னொரு ஆள் தேவைப்படுகிறது.

இதை ஆண்களின் சதி என்றோ மதத்தின் வேலை என்றோ ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. ஐம்பதுகள் அறுபதுகளின் மலாய்ச் சினிமாவைப் பார்த்தவர்களுக்கு சலோமாவின் கெபாயா தெரியும். உடம்போடு ஒட்டி, மார்பில் திறந்து ஊசிகளால் பிணைத்து, கீழே இறுக்கிய கைன். 1971இல் அபிம் தொடங்கிய பிறகு, எழுபதுகளின் சமய எழுச்சியில், பல்கலைக்கழகங்களில் தொடங்கி தூடோங்கும் தளர்ந்த கூரோங்கும் பரவின. அன்றைக்கு அதைப் போட்ட மாணவிகளில் பலருக்கு அது தங்கள் அம்மாக்களின் உடைக்கு எதிரான கலகம். அவர்களின் மகள்கள் 2010க்குப் பிறகு இடுப்பில் கொசுவம் வைத்த பெப்லம் கேட்டார்கள், முழங்காலுக்குக் கீழே மீன்வால் மாதிரி விரியும் பாவாடை கேட்டார்கள், ஆனால் தூடோங்கைக் கழற்றவில்லை. பேத்திகள் இப்போது கெபாயாவுக்குத் திரும்பியிருக்கிறார்கள், உள்ளே நீளக்கை சட்டையோடு. ஒவ்வொரு முறையும் கடைப் பலகையில் எழுதியிருந்தது 'பாரம்பரியம்'தான்.

சான்றிதழ்களின் கதை இன்னும் வேடிக்கை. சொங்கெட் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கெபாயா 2024 டிசம்பரில், மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து என்று ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கியது. உலகத்துக்கு அதிகம் பழக்கமான கெபாயா எது என்று பார்த்தால் அது சிங்கப்பூர் விமானப் பணிப்பெண்களின் கெபாயா. அதை 1968இல் வரைந்து கொடுத்தவர் பியேர் பால்மேன் என்ற பிரெஞ்சுக்காரர். நான் இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பாரிசில் உட்கார்ந்து வரைந்தாலும் நல்ல வெட்டு நல்ல வெட்டுதான். பட்டியலில் ஏறாதது, இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் தினமும் போடும் சாதாரணக் கூரோங். அது பட்டியலில் ஏறாமல் இருப்பதே அதற்கு நல்லது என்று தோன்றுகிறது.

இனி சேலைக்கு வருகிறேன்.

தோட்டத்து முச்சந்தியில் ஒரு காக்கா கடை இருந்தது. ராமநாதபுரத்துக் குடும்பம். அரிசி, பருப்பு, கருவாடு, பற்றுப் புத்தகம். கடைக்காரர் மனைவியை அம்மா லாத்தா என்று கூப்பிடுவார், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். லாத்தா எப்போதும் சேலைதான். ராயா அன்று புதுச் சேலை, முழங்கைக்குக் கீழே வரும் ரவிக்கை, முந்தானையை எடுத்துத் தலையில் போட்ட முக்காடு. எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டும் அதே சேலை. கட்டின விதத்தில் ஒரு முழ வித்தியாசம், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நோன்பு மாதம், லாத்தா தன் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் பொடிக் கரையிட்ட நாவல்பழ நிறத்துச் சேலை, ஊரிலிருந்து வந்தது. மகளுக்குப் பள்ளியில் எல்லா மலாய்ப் பிள்ளைகளும் போல ராயாவுக்குக் கூரோங் வேண்டும். புதுத் துணி வாங்க அந்த வருடம் தோதுப்படவில்லை.

"இதுலயே வெட்டிக் கொடு தங்கச்சி. நான் எங்க கட்டப்போறேன்."

அம்மா இரண்டு நாள் சேலையை மெஷின் மேலேயே மடித்து வைத்திருந்தார். கத்தரி வைக்கவில்லை. கட்டாத சேலை அது, மடிப்புக்கூடக் கலையவில்லை. மூன்றாம் நாள் இரவு தரையில் விரித்து, கரை எங்கே விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டார். கூரோங்குக்கு நான்கு மீட்டர் போதும். கடைகளில் 'கைன் பாசாங்' என்று சோடித் துணியாக விற்பதே அந்த அளவில்தான். சேலையில் ஐந்தரை மீட்டர் இருக்கிறது. சட்டையின் கீழ்விளிம்பில் ஒரு கரை, கைனின் கீழ்விளிம்பில் ஒரு கரை, கைமுனையில் மெல்லிசாக இன்னொரு கரை. முந்தானையின் சரிகைப் பகுதியைப் பாவாடையின் முன்புறத்துக்கு எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் ஒரு செலெண்டாங் வந்தது. லாத்தா அதைத் தலையில் போட்டுப் பார்த்தார், மகள் பார்ப்பதற்கு முன்னால்.

சேலைத் துணியில் கூரோங் தைப்பது அப்போதே மலாய்ப் பெண்களிடம் நன்றாகப் பரவியிருந்தது. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் அதற்கென்றே சேலை அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கிள்ளான் தெங்கு கெலானா சாலை. தீபாவளிக்கு நாம் போகும் அதே கடைகளுக்கு ராயாவுக்கு அவர்கள் வருவார்கள். இந்திச் சினிமா தொலைக்காட்சியில் ஓடிய ஓட்டத்தில் பஞ்சாபி சூட்டும் ராயா உடைதான் ஆகியிருந்தது. மலாய்ப் பெண் சேலையை வெட்டினால் அது போக்கு, ஒரு வருட ஆசை, அடுத்த வருடம் வேறு. லாத்தாவின் மகள் வெட்டியபோது அது அப்படி இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் சேலை கட்டி நான் பார்க்கவில்லை. அவளுடைய தங்கைகள் கட்டவே இல்லை.

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் விதி யார் மலாய்க்காரர் என்று சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர், மலாய்மொழியை வழக்கமாகப் பேசுகிறவர், மலாய் வழக்கங்களுக்கு இசைந்து நடக்கிறவர். முதலாவது லாத்தா குடும்பத்துக்கு ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது பள்ளிக்கூடத்தில் வந்தது. மூன்றாவது எங்கே கிடைக்கும்? சட்டத்தில் உடை என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வழக்கம் என்பது கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றால் ராயா காலையைவிடத் தோதான நேரம் கிடையாது. வீடு வீடாகப் போகிறார்கள், எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். அன்றைக்கு முந்தானை முக்காடு போட்டவள் 'இந்திய முஸ்லிம்'. கூரோங் போட்டவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு பெண் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க நினைத்தாள் என்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடஒதுக்கீட்டுக்காக வேஷம் போடுகிறார்கள் என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பெண் ராயா அன்று தோழி வீட்டு வாசலில் நிற்கும்போது மனதில் ஓடுவது இடஒதுக்கீடு அல்ல.

சேலையை மட்டும் தமிழ் என்று பிடித்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தார்கள். சேலைதான் கட்ட வேண்டும், அது இந்தப் பள்ளியின் பண்பாடு என்று வாசலில் போராட்டம் நடந்தது. அந்த ஆசிரியைகளின் தாய்மொழி தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வெள்ளைத் துப்பட்டி போய்க் கறுப்புப் புர்கா வந்ததைப் பற்றி வருத்தப்பட்டு எழுதுகிறவர்கள், சேலை எப்போது வேலியாக மாறியது என்று யோசிப்பதில்லை. முக்காடு போட்ட சேலையை நாம் 'நம்முடையது' என்று ஒருநாளாவது சொல்லியிருந்தோமா? லாத்தா கட்டிய சேலை எங்கள் கண்ணுக்கு எப்போதும் 'அவங்க கட்டுற மாதிரி'தான்.

தோட்டத்துப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் மேடைகளில் தோட்டத்துப் பாட்டி என்றால் கண்டாங்கிச் சேலையில் வருகிறார். என் பாட்டி சேலை கட்டியது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான். வீட்டில் பத்தேக் கைலி, மேலே தொளதொள சட்டை. பால் வெட்டப் போகும்போது கொசுவுக்கும் வெயிலுக்கும் பயந்து நீளக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. கம்போங்கில் வயல் வேலை செய்த ஜாவானியப் பாட்டியும் எங்கள் பாட்டியும் சேர்ந்து நின்றால் உடையை வைத்து இனம் பிரிக்க முடியாது. அந்தக் கைலி எந்தப் பண்பாடு என்று யாரும் கேட்டதில்லை. பண்டிகை உடைக்குத்தான் அந்தக் கேள்வி, வேலை உடைக்குக் கிடையாது. போகிற போக்கில் ஒன்று: ராயா அன்று வீட்டுக்கு வந்து கூரோங்கின் ஆண் சோடியைக் கழற்றியதும் மலாய் ஆண்கள் மாற்றிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்த பெயர் அது.

என் தங்கைகள் இடைநிலைப்பள்ளிக்கு வெள்ளைக் கூரோங்கும் நீலப் பாவாடையும் போட்டார்கள். கட்டாயமில்லை, பினஃபோர் போடலாம். கூரோங் என்றால் தரையில் உட்காரலாம், மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறலாம், யாரும் கால் பார்க்க மாட்டார்கள் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கும் வேறு வழியில்லாமல் போடுவதற்கும் நடுவில் இருக்கும் இடம் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது என்பதும் உண்மை. அரசாங்க அலுவலக வாசலில் பாவாடை நீளத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. கைப்பையில் ஒரு கைலியோ கூரோங்கோ மடித்து வைத்துக்கொண்டு போகும் தமிழ்ப் பெண்களை எனக்குத் தெரியும். ஆக, கூரோங்கின் வெட்டில் இடம் இருக்கிறது என்று நான் எழுதுவதை, நாட்டில் இடம் இருக்கிறது என்று யாரும் படித்துவிடக் கூடாது. சட்டை வேறு, சட்டம் வேறு.

இதையெல்லாம் ஓர் இலக்கியத் தளத்தில் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தோட்டத்துக் கதைகளில் நான் தேடிக் கிடைக்காததால். பால்வாளி உண்டு, உளி உண்டு, கள்ளுக்கடை உண்டு, மண்டோரின் விசில் உண்டு. பெண்ணின் உடை என்றால் இரண்டு இடத்தில் வரும்: கல்யாணத்தில், அல்லது உத்திரத்தில். சேலை முடிச்சுப் போடுவதற்குத்தான் நம் சிறுகதையாளர்களுக்கு ஆசை. மெஷினுக்கு எண்ணெய் போட்டு, ஊசி மாற்றி, இன்னொரு இனத்துப் பெண்ணின் மார்பளவையும் கையளவையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கும் ஒருத்தி நான் படித்தவற்றில் இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது எந்தச் சமூகவியலாளருக்கும் தெரியாது. யார் இந்த வருடம் இளைத்திருக்கிறார், யார் மாசமாக இருப்பதைப் புருஷனுக்கு முன்னால் தையற்காரியிடம் சொன்னார், யார் கறுப்பு ராயாவுக்குக் கேட்டார். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தபோது முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள்ளே இவ்வளவு பேச்சு இருக்கிறதா என்று தமிழ் வாசகர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எங்கள் நாட்டில் அந்தப் பேச்சுக்குப் பக்கத்து வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதே 2004இல் தீபாவளி நவம்பர் 11, ராயா நவம்பர் 14. அடுத்த வருடம் நவம்பர் 1, நவம்பர் 3. அதற்கடுத்த வருடம் அக்டோபர் 21, அக்டோபர் 24. பத்திரிகைகள் அதற்கு 'தீபாராயா' என்று பெயர் வைத்து ஒற்றுமைக் கட்டுரைகள் எழுதின. எங்கள் வீட்டில் அது தூக்கம் இல்லாத மூன்று வருடம். கூரோங் தெம்பாஹான் நீலப் பையில், ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் சிவப்புப் பையில். போதாக்குறைக்கு அப்போது கழுத்தில் மணி கோத்துத் தைக்கும் மோகம். பாசிமணியைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஒரு கழுத்துக்கு ஒரு இரவு. கூரோங்கின் கழுத்துக்கு 'துலாங் பெலுத்' என்று ஒரு கைத்தையல் இருக்கிறது. விலாங்கின் முள் மாதிரி வரிவரியாக விளிம்பைச் சுற்றி ஓடும், பார்த்தால் பின்னல் மாதிரி இருக்கும். மணி வந்ததும் அதைக் கேட்பவர்கள் நின்றுபோனார்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எங்களுக்கு எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்க, அம்மா இன்னொருத்தியின் ராயாவுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கவில்லை. ஊக்கு குத்திக்கொண்டு கோயிலுக்குப் போனோம். நல்லிணக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஊக்கையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு தோட்டம் காலியானது. குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கும் ஈஜோக்குக்கும் மலிவு வீடுகளுக்குப் போயின. பழம் பொறுக்க வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள். கூரோங் தைக்கக் கொடுப்பது மெல்லக் குறைந்தது. இப்போது எண்பது வெள்ளிக்குள் தைத்த கூரோங் தபாலில் வீடு தேடி வருகிறது, எஸ், எம், எல் என்று மூன்று உடம்புகளுக்கு. தைக்கும் கூலியே அதில் பாதிக்கு மேல் ஆகும் என்றால் யார் தைக்கக் கொடுப்பார்கள்? கொடுக்காதவர்கள் மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. "நானே அதுல ஒண்ணு வாங்கி இருப்பேன், எனக்கு அளவு இல்ல" என்கிறார்.

ஆனால் நோன்பின் கடைசி வாரத்தில் அம்மாவுக்கு இன்னும் வேலை வருகிறது. தபாலில் வந்த கூரோங்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தூக்க முடியவில்லை, அக்குளில் பிடிக்கிறது என்று தஞ்சோங் காராங் வரையிலிருந்துகூடப் பெண்கள் வருகிறார்கள். தொழிற்சாலையில் துணி மிச்சம் பிடிக்கவும் நேரம் மிச்சம் பிடிக்கவும் கெக்கெக்கை எடுத்துவிட்டார்கள், கை நேராக உடம்பில் ஏறுகிறது. அம்மா பக்கத் தையலைப் பிரித்து, ஒட்டுத்துணிப் பெட்டியில் கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு சதுரம் தேடி வெட்டி, சாய்த்து வைத்துத் தைக்கிறார். ஒரு பக்கத்துக்கு ஐந்து வெள்ளி. அந்தப் பெண்களுக்கு அதன் பெயர் தெரியவில்லை. 'அந்தத் துண்டு' என்கிறார்கள்.

போன முறை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பொன்மஞ்சள் கூரோங் மெஷினில் இருந்தது. பெட்டியில் அந்த மஞ்சள் இல்லை. அம்மா எதையோ எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார், நாவல்பழ நிறத்தில். எங்கேயோ பார்த்த துணி மாதிரி இருந்தது. நிறம் சேரவில்லையே, தெரியாதா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "கைய தூக்குனாத்தான் தெரியும். தூக்கட்டுமே."